ஜெட் வரும்வரை

பட்டுத்திரை விலகியது, பளபளப்பு வெளிப்பட்டது, பார்த்தோர் கண்கள் பனித்தன. முப்பது ஜெட் விமானங்கள் வாங்க ஆணை கொடுத்தாயிற்று என்று நிறுவனத்தின் தலைவர் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்ததோ ஒரே ஒரு விமானம். அதுவும் ஒரு முழ நீளம். பிளாஸ்டிக்கில் வார்த்து மரப்பீடத்தில் ஒட்டியது. என்றாலும் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும் சின்ன நிறுவனம் என்று நம்மை ஏளனம் செய்தவர்கள் இனி அண்ணாந்து பார்க்கட்டும்!" என்றார் தலைவர். அனைவரும் அண்ணாந்து பார்த்தார்கள். அரங்கத்தின் மின்விசிறி தெரிந்தது.

பின்வரிசையில் நின்று உள்ளங்கை சிவக்கத் தட்டியவர்களுள் நாற்பத்தொன்றும் ஒருத்தி.

நாற்பத்தொன்று என்பது அவள் வயதன்று. அது அவளுடைய பணிமூப்பு எண். அந்த நிறுவனத்து விமானிகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர்கள் இருந்தன. அவை அடையாள அட்டையோடு சரி. மற்றபடி ஏழு வந்தார், பதினெட்டு விடுப்பில் போனார், முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் மனத்தாங்கல் என்றுதான் பேச்சு. யார் முன்னால் சேர்ந்தாரோ அவர் மேல். பின்னால் சேர்ந்தவர் கீழ். ஒரே நாளில் சேர்ந்தவர்களா? அப்படியானால் யார் முன்னால் பிறந்தார் என்று பார். அறிவைப் பாராதே, ஆற்றலைப் பாராதே, தாய் வயிற்றிலிருந்து எந்தத் தேதியில் இறங்கினாய் என்று பார்! பிறப்பை வைத்துப் பெரியவன் சின்னவன் என்று பிரிப்பது மடமை என்று வெளியே வாய் கிழியப் பேசும் படித்த கூட்டம், பணியறைக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் தத்தம் எண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டது. விடுமுறை யாருக்கு? மேல் எண்ணுக்கு. நல்ல ஊர் யாருக்கு? மேல் எண்ணுக்கு. மழைநாள் விடியற்காலைப் பயணம் யாருக்கு? அதையும் சொல்ல வேண்டுமா?

நாற்பத்திரண்டு என்பவன் அவளோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன். அவளைவிடச் சில நாட்களே இளையவன். ஆனாலும் அவளை "அக்கா" என்றுதான் அழைப்பான். எண் மூத்தது என்றால் உறவும் மூத்துவிடுகிறது.

ஒன்பது ஆண்டுகளாக அவள் வலப்பக்க இருக்கையில் இருந்தாள். விமானத்தின் முன்னறையில் இருக்கைகள் இரண்டு. இரண்டிலும் அமர்பவர்கள் விமானிகளே. இருவருக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் வலப்பக்கத்தில் இருப்பவர் துணை விமானி; அவர் சொல்லலாம். இடப்பக்கத்தில் இருப்பவர் கேப்டன். அவரே முடிவு செய்வார். அந்த இடப்பக்கம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. சம்பளத்தைக்கூட அவள் இரண்டாவதாகவே நினைத்தாள். "என்ன செய்யலாம்?" என்று இன்னொருவர் முகத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு முறையேனும் ஒரு விமானத்தைத் தரையிறக்க வேண்டும். அவ்வளவே அவள் ஆசை.

ஜெட் ஆணை அந்த ஆசைக்கு முன்னால் இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. விருப்பம் தெரிவிப்போருக்கு ஜெட் வகுப்பு. மூப்பு எண் வரிசைப்படி இடம். மேலே இருப்போர் எல்லாரும் ஜெட்டுக்குத் தாவினால், இறக்கையில் விசிறி சுழலும் பழைய விமானங்களில் கேப்டன் இருக்கைகள் காலியாகும். அதாவது அவள் ஜெட்டை வேண்டாம் என்றால் நாளைக்கே விசிறி விமானத்துக்குக் கேப்டன். ஜெட்டை வேண்டும் என்றால் அங்கே முதலில் துணை விமானி. பிறகு, காலம் கனியும்போது, ஜெட் கேப்டன். நடுவில் மனம் மாறி வகுப்பை விட்டு வெளியேறினால் எண் பறிபோகும். வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு விடை காண அவள் சிற்றுண்டிச்சாலைக்குப் போனாள். அங்கேதான் ஜோசியர் இருந்தார்.

ஜோசியர் என்றால் இருபத்துமூன்று. அவரும் துணை விமானிதான். கணிதத்தில் பதக்கம் வாங்கியவர். எந்த ஆண்டில் எத்தனை விமானம் வரும், எந்தக் கேப்டன் எப்போது ஓய்வு பெறுவார், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, மருத்துவச் சோதனையில் யார் எப்போது தடுக்கி விழுவார் என்பதை எல்லாம் மடிக்கணினியில் கட்டம் கட்டமாக ஏற்றி வைத்திருந்தார். எண்ணைச் சொன்னால், நீங்கள் கேப்டன் ஆகும் மாதத்தைச் சொல்வார். ராசிபலனைக் கண்டால் தாளைத் திருப்பிவிடும் பகுத்தறிவாளர்கள், காற்றின் அழுத்தத்தையும் இறக்கையின் கோணத்தையும் கரைத்துக் குடித்தவர்கள், ஆளுக்கொரு காப்பியோடு அவர் முன் வரிசையில் நின்றார்கள். கட்டம் என்னவோ கட்டம்தானே! ஓலையில் கீறினால் மூடநம்பிக்கை. திரையில் ஒளிர்ந்தால் முன்கணிப்பு.

"நம்பர் சொல்லும்மா," என்றார் ஜோசியர்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஒன்பது வருஷமா ஒரே கேன்டீன்ல சாப்பிடுறோம்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? சொல்லு."

"நாப்பத்தொண்ணு."

விரல்கள் தட்டின. புருவம் நெளிந்தது. "நல்ல நம்பர்தான். மேல இருக்கிற கேப்டன்ல ரெண்டு பேருக்கு முதுகுவலி. உனக்கு யோகம்."

"இப்பவே காத்தாடில கேப்டன் ஆயிட்டா என்ன?" விசிறி விமானத்தை அவர்கள் காத்தாடி என்றே சொல்வார்கள்.

"காத்தாடியா?" ஜோசியர் சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பியது. "ரெண்டு வருஷத்துல அத்தனையும் பழைய இரும்புக்குப் போகுது. அதுல கேப்டன் ஆகுறது இடிக்கப்போற வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. ஜெட்டுக்குப் போ. மூணாவது வருஷம் நீ ஜெட் கேப்டன். முப்பது விமானம் வந்துச்சுன்னா..."

"வந்துச்சுன்னாவா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வராம எங்கே போகும்? தலைவரே மேடையில சொல்லிட்டாரே!"

இருபத்துமூன்று சொல்லிவிட்டார். இருபத்தொன்பதும் முப்பத்தைந்தும் அதையே சொன்னார்கள். கேட்டால் அவர்களுக்கும் இருபத்துமூன்றுதான் சொல்லியிருந்தார். எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டுவிட்டு, ஊரெங்கும் தண்ணீர் ஒரே சுவை என்று வியந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவள் கணவன் பல் செய்துகொண்டிருந்தான். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் வார்த்துக் கொடுப்பது அவன் தொழில். மேசை மேல் மெழுகுத் தாடைகள் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. மகள் பக்கத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ எப்ப டிரைவர் ஆவ?"

"நான் இப்பவும் ஓட்டுறேன்டி."

"அப்பா சொன்னாரு, நீ கண்டக்டர் மாதிரின்னு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மெழுகைச் சுரண்டுவதில் திடீரென்று மூழ்கிப்போனான்.

"முப்பது ஜெட் வருதாம்," என்றாள். "மூணு வருஷம் பொறுத்தா ஜெட் கேப்டன்."

"காத்தாடில?"

"நாளைக்கே ஆகலாம். ஆனா அது போகப்போற சாமான்."

அவன் ஒரு தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "புதுப் பல்லு பளபளன்னு வரப்போகுதுன்னு நம்பி, ஆடாத பல்லையும் பிடுங்கிட்டு வர்றாங்க பாரு, அவங்களுக்குத்தான் நான் ராப்பகலா வேலை செய்யறேன். அளவு சரியா வர்ற வரைக்கும் கஞ்சிதான் குடிக்கணும்."

"விமானத்தைப் பத்திப் பேசுனா பல்லைப் பத்திப் பேசு!"

"எனக்குத் தெரிஞ்சது பல்லு. சரி, உனக்கு எது வேணும்?"

அவளுக்கு எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நாற்பது வரை எல்லாரும் ஜெட்டுக்குப் போகிறார்கள். நாற்பது பேரும் தவறு செய்வார்களா? அந்த ஒரு கேள்வி, உலகத்தில் எத்தனை மந்தைகளை எத்தனை பள்ளங்களில் இறக்கியிருக்கிறது! அவள் ஜெட்டுக்கு விருப்பம் தெரிவித்தாள்.

முடிவு ஒட்டப்பட்ட அன்று பணியறை திருமண மண்டபமாயிற்று. முதல் வகுப்பின் கடைசி இடம் அவளுக்கு. கோடு அவள் எண்ணுக்குக் கீழே விழுந்திருந்தது. கோட்டுக்குக் கீழே முதல் ஆள் நாற்பத்திரண்டு. அவனை மாடிப்படிக்கட்டில் கண்டுபிடித்தாள், கைக்குட்டை நனைந்திருந்தது.

"எங்கம்மா கொஞ்சம் முன்னாடி பெத்திருக்கக் கூடாதாக்கா?"

"அழாதேடா. அடுத்த வகுப்பு வரும்."

"அதுவரைக்கும்? என்னைக் காத்தாடிக்குக் கேப்டனாப் போட்டுட்டாங்கக்கா. வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன். கட்டாயம்னுட்டாங்க."

அவள் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். பதவி உயர்வு பெற்றவனுக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். "உடம்பு நல்லா இருக்குல்ல, அது போதும்" என்றார் ஒருவர். "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று தோளைத் தட்டினார் இன்னொருவர். தோளில் புதிதாக ஏறியிருந்த, கேப்டனுக்குரிய நான்கு பொற்கோடுகளை அவன் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டான். வெயில் கொளுத்திய நாள் அது.

ஜெட் வகுப்பு ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் தொடங்கிற்று. கீழே கட்டிலுக்கு வார்னிஷ் அடிப்பார்கள். மேலே விண்ணை வெல்லப் பாடம் நடக்கும். பயிற்சி இயந்திரம் வருவதற்குத் தாமதம் என்பதால், ஜெட்டின் முன்னறையை அச்சடித்த பெரிய தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இருவர் இருவராக அமர்ந்து தாளில் உள்ள பொத்தான்களை அழுத்தப் பழக வேண்டும்.

"முதல் எந்திரம் ஓடுகிறது," என்று இடப்பக்க நாற்காலி முழங்கும்.

"ஓடுகிறது," என்று வலப்பக்க நாற்காலி வழிமொழியும்.

கீழே ரம்பம் ஓடும்.

பாடம் முடிந்தது, ஜெட் வரவில்லை. பாடத்தை மீண்டும் நடத்தினார்கள். பருவம் மாறிற்று, ஜெட் வரவில்லை. சக்கரத்தை இறக்கும் நெம்புகோல் இருந்த இடத்தில், அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்தது, ஒட்டுநாடா போட்டார்கள். முப்பது என்பதில் பதினெட்டுதான் உறுதியான ஆணை என்றும், மிச்சம் பன்னிரண்டும் விரும்பினால் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே என்றும் ஒரு செய்தித்தாளில் வந்தது. பிறகு பதினெட்டு, பத்து ஆயிற்று. ஜோசியர் கட்டங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். "இதைத் தாமதம்னு சொல்லக் கூடாதும்மா. தேதி இன்னும் துல்லியமாகுது, அவ்வளவுதான்."

ஏன் வரவில்லை? தொழிற்சாலையைக் குறை சொன்னார்கள். எந்திரம் செய்தவனைக் குறை சொன்னார்கள். உண்மை அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது. நிறுவனத்தின் மூத்த விமானிகள் நாற்பத்தொரு பேரும் மாடியில் தாளை அழுத்திக்கொண்டிருந்தார்கள். காத்தாடிகளை ஓட்ட ஆளில்லை. ஆளில்லாததால் பயணங்கள் ரத்தாயின. பயணங்கள் ரத்தானதால் வருவாய் வற்றிற்று. வருவாய் வற்றியதால் ஜெட்டுக்கு முன்பணம் போகவில்லை. முன்பணம் வராதவனின் ஜெட்டைத் தொழிற்சாலை அடுத்தவனுக்குக் கொடுத்தது. ஜெட்டுக்காகக் காத்திருந்தவர்களே, காத்திருந்த காரணத்தாலேயே, ஜெட்டைத் துரத்தினார்கள்! ஜோசியரின் கணினியில் எல்லாருக்கும் கட்டம் இருந்தது; இதற்கு மட்டும் கட்டம் இல்லை.

பறக்காதவர்கள் ஒரு குலமானார்கள். சிற்றுண்டிச்சாலையில் ஜன்னலோர மேசை அவர்களுடையது. காத்தாடிக்காரர்கள் வியர்வையும் எண்ணெய் வாடையுமாக வந்தால், மூக்கைச் சுளித்து நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். ஒருநாள் நாற்பத்திரண்டு தட்டை ஏந்திக்கொண்டு அவள் அருகே வந்தான். ஏழு என்னும் கேப்டன் தம் தொப்பியை எடுத்துக் காலி நாற்காலியில் வைத்தார்.

"ஆள் வர்றாங்க தம்பி."

யாரும் வரவில்லை. தொப்பி முழுச் சாப்பாடும் உட்கார்ந்திருந்தது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டு உண்டாள்.

விமானிகளின் மேலாளர் ஒரு காலை மாடியேறி வந்தார். முகத்தில் பல நாள் தூக்கம் பாக்கி.

"காத்தாடிக்குத் துணை விமானிங்க வேணும். உடனே. யாராவது திரும்பி வர்றீங்களா?"

"எங்க நம்பர்?" என்று கேட்டார் ஏழு.

"விதி விதிதான். வகுப்பை விட்டா வரிசைல கடைசி."

"அப்படின்னா, சில்லறைப் பசங்க கேப்டனா இருக்கிற விமானத்துல, நாங்க வலது பக்கம் உக்காந்து 'ஆமாங்கய்யா' சொல்லணும்?"

வகுப்பு கொதித்தெழுந்தது. தன்மானத் தீர்மானம் ஒன்று அங்கேயே நிறைவேறிற்று: எவரும் திரும்பார், எவரும் பணியார். தன்மானம்! மனிதனை மனிதன் மிதிக்காதிருக்கப் பிறந்த சொல், அன்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காக்கப் பயன்பட்டது. அவளும் கை தூக்கினாள். தூக்கிய கை தலைக்கு மேலே இருக்கும்போதே, ஜன்னல் வழியாக ஒரு காத்தாடி ஏறிப் போவது தெரிந்தது. இடப்பக்கம் மெல்லச் சாய்ந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்திருக்கும் என்று சொல்ல முயன்றாள். முன்பெல்லாம் உடம்பே சொல்லும். அன்று உடம்பு வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்: "எனக்கு ஓட்டுறது மறந்துட்டு வருது."

அவன் பல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். "திரும்பிப் போனா என்ன ஆகும்?"

"கடைசி ஆளாயிடுவேன். நாப்பத்திரண்டுக்குப் பக்கத்துல உக்காரணும். ஊரே சிரிக்கும்."

"போகலைன்னா?"

"யாரும் சிரிக்க மாட்டாங்க. சுவத்துல இருக்கிற பொத்தானை அமுக்கிட்டே இருக்கலாம்."

"அப்ப சிரிச்சா சிரிக்கட்டும் போ. சிரிக்கிறதுக்குப் பல்லு வேணும்னா நான் செஞ்சு தர்றேன்."

மறுநாள் அவள் எழுதிக் கொடுத்தாள். படிக்கட்டில் ஜோசியர் வழிமறித்தார். அவர் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு விமானம் வந்தாப் போதும், உன் கட்டம் திறந்துடும். நாப்பத்தொண்ணை விட்டுட்டா நீ யாரு?"

"தெரியலைங்க. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

மறுபயிற்சியும் மருத்துவச் சோதனையும் முடிந்து அவள் காத்தாடியின் முன்னறைக்குள் குனிந்து நுழைந்தபோது, நாற்பத்திரண்டு இடப்பக்க இருக்கையிலிருந்து எழுந்தே விட்டான்.

"அக்கா, நீங்க இங்க உக்காருங்க. கதவைச் சாத்திட்டா யாருக்குத் தெரியும்?"

"முன்னாடி பூரா கண்ணாடி. உக்காருடா." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உக்காருங்க, கேப்டன்."

"கேப்டன்னு சொல்லாதீங்கக்கா. கூச்சமா இருக்கு."

"அக்கான்னு சொல்லாதீங்க, கேப்டன். இப்ப நான் உங்களுக்கு எவ்வளவோ ஜூனியர்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். எந்திரங்கள் ஓடின, இம்முறை ரம்பம் அன்று. முதல் சில நாட்கள் அவள் கை தடுமாறிற்று; காகிதத்தை அழுத்திய பழக்கத்தில், நிசமான நெம்புகோலைப் பூப்போலத் தொட்டாள். அவன் சுட்டிக்காட்டினான்; திருத்திக்கொண்டாள். அவளைவிடச் சில நாட்கள் பிந்திப் பிறந்தவன், மழையிலும் குறுக்குக் காற்றிலும் அலட்டிக்கொள்ளாமல் முடிவெடுப்பதைப் பார்த்தாள். யாரைப் பார்த்தும் அவன் கேட்கவில்லை. கேட்க மேலே ஆளில்லாமல், எல்லாரும் மரச்சாமான் கடை மாடிக்குப் போய்விட்ட காலத்தில் அவன் வளர்ந்திருந்தான்.

அடுத்த ஆண்டு, காத்தாடிகளை விற்கப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது; வாங்குவாரில்லை. மேலும் கேப்டன்கள் தேவை என்று பலகையில் ஒட்டினார்கள். மூப்பு எண்படி மேலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒன்று முதல் நாற்பது வரை: விருப்பமில்லை, ஜெட்டுக்குக் காத்திருக்கிறோம். அதற்குக் கீழே இருந்தவர்களில் தகுதியான மணிநேரம் பறந்தவர்கள் எல்லாரும் முன்பே கேப்டன்கள். மற்றவர்களுக்கு மணிநேரம் போதாது. கடைசி எண்ணிடம் வந்தார்கள். வரிசையே வேறிடத்தில் போய் நின்றுகொண்டால், வாலில் நிற்பவர்தானே தலை!

பயிற்சி முடிந்து, இறுதித் தேர்வு வந்தது. பயணிகளோடு ஒரு வழக்கமான பயணம், அவள் இடப்பக்கம், தேர்வாளர் வலப்பக்கம். தேர்வாளர் பேசா மடந்தை என்று பெயரெடுத்த முதியவர். துணை விமானியின் வேலைகளை எல்லாம் செய்வார், அறிவுரை மட்டும் சொல்ல மாட்டார். இந்த ஒரு பயணம் தேறினால் கேப்டன். தவறினால் மீண்டும் வலப்பக்கம், எத்தனை ஆண்டுக்கு என்று யாருக்கும் தெரியாது.

அதே நாளில்தான் ஜெட்டும் வருவதாக இருந்தது. பத்து ஐந்தாகி, ஐந்து ஒன்றாகியிருந்தது. அந்த ஒன்றும் வாடகைக்கு. அதை ஓட்டி வரவிருந்தவர்கள் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் எடுத்த கேப்டன்கள். மாடி வகுப்பினர் நெடுநாள் பறக்காததால் உடனடித் தகுதி இல்லையாம். அவர்கள் வெள்ளுடை உடுத்தி, பூச்செண்டு ஏந்தி, தங்களுக்கு மேலே வந்து அமரப் போகிறவர்களை வரவேற்க, வெயிலில் எண் வரிசைப்படி நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் வந்திருந்தார், வாத்தியக் குழு வந்திருந்தது, படமெடுப்பவர்கள் வந்திருந்தார்கள். வரவேற்பு மரியாதையாக ஜெட்டின் மேல் வளைவாக நீர் பீய்ச்ச, ஓடுதளத்தின் முனையில் இரண்டு தீயணைப்பு வண்டிகள் காத்திருந்தன. படத்தில் பழைய காத்தாடி எதுவும் விழக்கூடாதென்று எல்லாவற்றையும் வெளியூர்களிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். அவளுடையது மட்டும் அந்த உத்தரவுக்குச் சற்று முன்னால் கிளம்பிவிட்டது.

நிலையத்தை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் காதில் ஒலித்தது. "கேப்டன், உங்க நிறுவனத்துல இருந்து ஒரு செய்தி. ஜெட் வர்ற வரைக்கும் உங்களை மேலேயே வட்டமடிக்கச் சொல்றாங்க."

"ஜெட் எப்ப வரும்?"

"தகவல் இல்லை."

அவள் எரிபொருளைப் பார்த்தாள். சிறிது நேரம் சுற்றலாம், நெடுநேரம் முடியாது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. பின்னால் ஒரு விமானம் நிறைய மனிதர்கள். கீழே தலைவர். ஒன்பது ஆண்டும் ஒரு தாள்சுவரும் சேர்ந்து பழக்கிய கழுத்து, தானாகவே வலப்பக்கம் திரும்பிற்று. "என்ன செய்யலாம்?" என்ற சொல் உதடு வரை வந்துவிட்டது.

தேர்வாளர் ஜன்னலுக்கு வெளியே, ஏதோ ஒரு மேகத்தின் அழகில் மெய்ம்மறந்திருந்தார்.

அவள் கழுத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோபுரம், வட்டமடிக்கணும்கிறது உங்க உத்தரவா, நிறுவனத்தோட வேண்டுகோளா?"

"வேண்டுகோள்தான், கேப்டன். ஓடுதளம் காலியாத்தான் இருக்கு."

"அப்ப இறங்குறேன். ஜெட்டுக்காக நான் ஏற்கெனவே காத்திருந்தாச்சு."

கோபுரத்தில் யாரோ சிரித்தது போலிருந்தது. "இறங்கலாம்."

சக்கரங்கள் இறங்கின. குறுக்குக் காற்று இடமிருந்து வந்தது, உடம்பு சொல்லிற்று. தரை தொட்டது, தொட்டது தெரியாமல்.

தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லியிருந்தது இவ்வளவே: நம் நிறுவனத்தின் வண்ணம் பூசிய விமானம் இறங்கி அருகே வந்ததும் பீய்ச்சு. வண்ணம் அதுவேதான். இறங்கியதும் உண்மை. அவர்கள் கடமை தவறாதவர்கள். இரு பக்கமும் நீர் வெள்ளிக் கம்பியாய் எழுந்து வளைந்தது. அதன் நடுவே வானவில் விரிந்தது. அந்த வானவில்லுக்கு அடியில், பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய காத்தாடி, விசிறிகளால் நீர்த்துளியைச் சிதறடித்தபடி நிதானமாக நகர்ந்து வந்தது. வாத்தியக் குழுவுக்கும் நீர்தான் சைகை; குழல்கள் முழங்கின. படமெடுப்பவர்கள் எடுத்தார்கள். பூச்செண்டுகளோடு நாற்பது எண்கள் திகைத்து நின்றன. என்ன செய்வதென்று ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நின்றவரைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கா இவ்வளவு மரியாதை?" என்று ஒரு பயணி பணிப்பெண்ணிடம் கேட்பது முன்னறைக்கே கேட்டது.

எந்திரங்கள் ஓய்ந்தன. மேலாளர் படியேறி ஓடி வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"யாரைக் கேட்டு இறங்குனே? சொல்லு, யாரைக் கேட்டு?"

அவள் வாய் திறப்பதற்குள் வலப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. அந்தப் பயணத்தில் தேர்வாளர் தாமாகப் பேசிய முதற்பேச்சு.

"அதைத்தான் சார் நானும் வழி பூரா கவனிச்சுட்டே வந்தேன்." பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். "யாரையும் கேக்கலை."

கையெழுத்திட்டார்.

ஜெட் அன்று அந்தி சாயும் வேளையில் வந்து இறங்கியது. இரண்டு தீயணைப்பு வண்டிகளும் மரியாதையாக நின்றன. தொட்டியில் தண்ணீர் இல்லை.